எழுந்து நின்ற வியாழக்கிழமை

சேவை மையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் சட்டமன்ற உறுப்பினர் கேட்டுக்கொண்டார். மனு எழுதுவது எப்படி, எந்த இலாகாவுக்கு எந்தக் கடிதம் என்பதெல்லாம் உங்களுக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. நான் கொஞ்சம் மந்தம். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். நான் ஐந்து உறுப்பினர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். அவர்களில் இரண்டு பேர் நல்லவர்கள், இரண்டு பேர் கெட்டிக்காரர்கள், ஒருவர் இரண்டுமில்லை. யார் யார் என்று என்னிடம் கேட்க வேண்டாம், அவர்களுடைய பிள்ளைகள் இன்னும் மலாக்காவில்தான் இருக்கிறார்கள்.

நான் சொல்லப்போவது அந்த ஐவருக்கும் முந்திய ஒருவரைப் பற்றி. அவரிடம் வேலை பார்த்தபோது ஒரு வாரத்தில் நான் செய்த தப்பைப் பற்றி. அந்த வாரத்தை இத்தனை வருஷமாக மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். எது என் தப்பு, எது அவர் தப்பு, எது யாருடைய தப்பும் இல்லை என்று இன்னும் எனக்குத் தெளிவாகவில்லை. நீங்களாவது படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வாருங்கள்.

ஜப்பான்காரன் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிற சமயம். மாநிலத்துக்கு ஓர் ஆலோசனை மன்றம் என்று வைத்தான். அதற்கு ஒரு ஜப்பானியப் பெயர் உண்டு; அதை நான் ஒருநாளும் சரியாக உச்சரித்ததில்லை. மலாக்காவில் பத்துப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்து உறுப்பினர் ஆக்கினார்கள். மக்கள் ஓட்டெல்லாம் கிடையாது. இந்தியர்களுக்கென்று எடுத்தவர் எங்கள் காஜா பெராங்கில் இருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் நகராட்சியில் நியமன உறுப்பினராக இருந்தவர், கோயில் நிர்வாகத்தில் பல வருஷம் இருந்தவர். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி இல்லை, ஒரே மகளைப் புக்கிட் பாருவில் கட்டிக் கொடுத்திருந்தார். ஊர் முழுக்க அவரை மெம்பர் என்றுதான் கூப்பிட்டது. நானும் மெம்பர் என்றே சொல்லிவிடுகிறேன், பெயர் எதற்கு?

நான் அவருடைய எழுத்தர். மெம்பருக்குத் தமிழும் ஆங்கிலமும் நன்றாக வரும். மலாய் பேசுவார், ஆனால் அரசாங்கக் கடிதத்தில் வரும் மலாய் அவருக்குக் கடினம். எனக்கு மலாய் எழுத்து தண்ணீர் பட்ட பாடு. அது போதாதென்று ஜப்பானிய வகுப்புக்கும் மூன்று மாதம் போயிருந்தேன். இருபத்திரண்டு வயதில் இவ்வளவு தெரிந்திருந்தால் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்?

மன்றத்துக்கு என்ன அதிகாரம் என்று யாருக்கும் தெரியாது. முதல் கூட்டத்தில் உறுப்பினர்களை உட்கார வைத்து, யாரோ நீளமாகப் பேசி, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் மெம்பர் வீட்டு வாசலில் திங்கட்கிழமைதோறும் கூட்டம். சைக்கிளைப் பறிகொடுத்தவன் வருவான். புக்கிட் ரம்பாயிலிருந்து சவ்வரிசி கொண்டுவர அனுமதிச் சீட்டு கேட்டு ஒருவர் வருவார். கோயில் திருவிழாவுக்குச் சாமியைத் தெருவில் கொண்டுபோகலாமா என்று கேட்க மலாக்கா செட்டிகளில் ஒரு பெரியவர் வருவார். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் அவர்கள் வீட்டில் பேசுவது மலாய், ஆகவே அவர் மலாயில் கேட்பார், மெம்பர் தமிழ் கலந்து பதில் சொல்வார், இருவருக்கும் புரிந்த மாதிரியே இருக்கும். எல்லாருக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்போம். அந்தச் சீட்டை அந்தந்த அலுவலகத்தில் யாராவது மதித்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சைக்கிள் ஒன்று திரும்பி வந்தது உண்மை. வேறொருவன் அதே மாதிரிச் சீட்டைக் காட்டிக் கன்னத்தில் அறை வாங்கியதும் உண்மை.

அந்தத் திங்கட்கிழமை கடைசியாக வந்தவள் அஞ்சலை. இருபத்தைந்து வயதிருக்கும். சயாம் பக்கம் ரயில் பாதை வேலைக்கென்று அவள் புருஷனைக் கொண்டுபோய் ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது, தகவல் இல்லை. ஏழு வயதில் முருகையா என்று ஒரு பையன், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. பையனுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். ஒரு செட்டி வீட்டம்மாவின் வீட்டில் பின்னறையில் குடியிருந்தாள். அந்த வீட்டம்மாவும் கூடவே வந்து கதவோரம் நின்றார்.

"ஐயா, ஆம்பள இல்லாத வீடா பாத்துக் காட்டுக்குக் கொண்டு போறாங்களாமே, நெசமா?" என்று கேட்டாள்.

மெம்பர் அப்படி எதுவும் கேள்விப்படவில்லை என்றார். நானும் கேள்விப்படவில்லை. பாசாரில் கிழங்கு விற்பவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. விசாரித்துச் சொல்கிறேன், புதன்கிழமை வா என்று அனுப்பினார்.

விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் செவ்வாய்க்கிழமை காலையில் உறை வந்தது. வியாழக்கிழமை மன்றம் கூடுகிறது என்று மலாயில் மூன்று தாள். வாசலில் வழக்கம்போல நான்கைந்து பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் முதல் தாளை எடுத்தேன். ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே பார்த்து எப்படிக் குனிய வேண்டும், எத்தனை பாகை குனிய வேண்டும், யார் எந்த வரிசையில் உட்கார வேண்டும் என்று ஆரம்பித்தது. பாதிப் பக்கம் படித்தேன். மெம்பர் என்ன என்று கேட்டார்.

"இது கும்பிடு விஷயம் ஐயா, போன தடவ செஞ்ச அதேதான்" என்று சொல்லி அதை அடியில் வைத்தேன்.

இரண்டாவது, மூன்றாவது தாள்களில்தான் விஷயம் இருந்தது. நகரத்தில் வேலை செய்யும் ஆண் இல்லாத குடும்பங்களை உள்காட்டில் புதிதாகத் திருத்துகிற நிலத்தில் குடியேற்றுவது. அவர்கள் அங்கே கிழங்கும் நெல்லும் போட்டுத் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்வது. இதைப்பற்றி உறுப்பினர்களின் கருத்து என்ன? ஒரு சொல் விடாமல் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அருமையான மொழிபெயர்ப்பு, அதைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை.

மெம்பர் அதை இரண்டு தரம் படித்தார். கருத்து என்ன என்று கேட்கிறானே, அப்படியென்றால் வேண்டாம் என்று சொல்லலாம் என்றுதானே அர்த்தம் என்று என்னைக் கேட்டார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்றேன். எனக்கு என்ன தெரியும்?

புதன்கிழமை அஞ்சலை வந்தபோது மெம்பர் நடப்பதை மறைக்காமல் சொன்னார். அவள் அழவில்லை. அவளுடைய அண்ணன் புக்கிட் ரம்பாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறான். தோட்டத்துக்காரர்களை வேலை செய்கிறவர்கள் கணக்கில் வைத்திருப்பதால் அவர்களை யாரும் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அந்தப் பக்கம் போகிற மாட்டுவண்டிக்காரரிடம் பேசி வைத்திருப்பதாகச் சொன்னாள். ஆனால் அண்ணன் வீட்டில் ஏற்கெனவே ஒன்பது பேர், ஒரே அறை. அண்ணிக்கும் அவளுக்கும் ஆகாது. காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே நிற்க அவளுக்கு மனசில்லை. போகவா, இருக்கவா என்று கேட்டாள்.

மெம்பர் மொழிபெயர்ப்புத் தாளை மடித்து வைத்தார். "நாளைக்குக் கூட்டம் முடியட்டும்மா. நான் எழுந்து நின்னு வேணாம்னு சொல்லப்போறேன். சாயங்காலம் வா, என்ன ஆச்சுன்னு சொல்றேன். அதுக்கப்புறம் வண்டியப் பத்தி முடிவு பண்ணு" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்து நகராட்சிக் கூட்டத்திலும் சரி, எங்கள் கோயில் கூட்டத்திலும் சரி, சம்மதம் என்றால் பேசாமல் உட்கார்ந்திருப்பது வழக்கம். மறுப்பு இருப்பவர்தான் எழுந்து நிற்பார். முப்பது வருஷமாக அவருக்கு அதுதான் பழக்கம். கோயில் கூட்டங்களில் அவர் எழுந்தாலே சிலர் கணக்கு நோட்டை மடித்து வைத்துவிடுவார்கள்.

அன்று மத்தியானம் இரண்டு பக்கத்துக்கு ஓர் உரை தயார் செய்தோம். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் மலாயில் எழுதினேன். எதிர்ப்பு என்ற சொல் எங்கும் வராமல் எதிர்க்க வேண்டும். சின்னக் குழந்தைகள், காய்ச்சல், மழைக்காலம் என்று மரியாதையாகப் போக வேண்டும். நான்கு தரம் எழுதினோம். உரை முடிந்த பிறகும் முதல் தாள் மட்டும் மேசைமேலேயே கிடந்தது. அதன்மேல் என் காப்பிக் கோப்பையை வைத்திருந்தேன். காப்பி என்றால் வறுத்த சோளத் தூள், அதுவும் கடன்.

வியாழக்கிழமை இருவரும் சைக்கிளில் போனோம். டயர் கிடைக்காததால் சக்கரத்தில் தோட்டக் குழாயை வெட்டிச் சுற்றியிருந்தது, ஆற்றங்கரை வரை முதுகெலும்பை எண்ணிக்கொண்டே போக வேண்டும். மெம்பர் கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். உரை உள்பையில் இருந்தது. வழியில் இரண்டு தரம் இறங்கிப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

மண்டபத்தில் உறுப்பினர்களுக்கு முன்னால் நாற்காலி. எங்களைப் போன்ற எழுத்தர்களுக்குக் கடைசிச் சுவரோரம் பெஞ்சு. எல்லாரும் கிழக்கே பார்த்துக் குனிந்தோம். தலைவர் இடத்தில் உட்கார்ந்த ஜப்பானிய அதிகாரி தன் மொழியில் பேசினார், பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னார். அவர் குரல் முன்வரிசைக்கு மட்டும்தான். எங்கள் பெஞ்சுக்கு நான்கில் ஒரு சொல் வந்து சேர்ந்தது.

மெம்பர் உரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. அதிகாரி ஏதோ சொன்னார், மொழிபெயர்ப்பாளர் ஏதோ சொன்னார், நாற்காலிகள் கிரீச்சிட்டன. முன்னால் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார், அவர் எங்கள் மெம்பர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீனர்கள், மலாய்க்காரர்கள், எல்லாருமே எதிர்க்கிறார்களே, நம்மவர் ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்? மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறாரா? எழுந்திருங்கள் ஐயா, எழுந்திருங்கள் என்று வாய்க்குள் முணுமுணுத்தேன். அவருக்குப் பக்கத்தில் நின்ற வயதான பெங்ஹுலு, அதாவது ஒரு மலாய்க் கிராமத்தின் தலைவர், குனிந்து அவர் கோட்டுக் கையைப் பிடித்தார். மெம்பர் எழுந்தார். மடியில் இருந்த தாள்கள் கீழே விழுந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதிகாரி சிரித்த முகத்தோடு தலை குனிந்து வணக்கம் சொன்னார். இத்தனை பேர் எதிர்த்த பிறகு இந்த ஆள் ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு ஒரே குழப்பம். ஜப்பான்காரன் கோபம் வந்தாலும் சிரிப்பான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதை வைத்து நானே சமாதானம் செய்துகொண்டேன்.

திரும்பி வரும்போது மெம்பர் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார். களைப்பு என்று நினைத்தேன். வீட்டு வாசலில் பத்து இருபது பேர் நின்றிருந்தார்கள், முன்னால் அஞ்சலையும் அவள் வீட்டம்மாவும். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். மெம்பர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்தது, மறுபடியும் சாய்த்தார்.

"எல்லாரும் எழுந்து நின்னோம்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஒருத்தர் பாக்கியில்லாமல் எழுந்தார்கள், நானே என் கண்ணால் பார்த்தேன் என்று ஒத்து ஊதினேன். கோயில் கூட்டம் பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அஞ்சலை கையெடுத்துக் கும்பிட்டாள். வண்டிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். மெம்பர் வாசல்படியில் ஒரு காலை வைத்து நின்றார், பிறகு உள்ளே போய்விட்டார். வீட்டம்மா மரவள்ளிக்கிழங்குப் பணியாரம் ஒரு தட்டு கொடுத்தனுப்பினார். மெம்பர் அதைத் தொடவில்லை. நான் நான்கு தின்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் வந்தபோது மாட்டுவண்டி எப்போதோ போயிருந்தது. மெம்பர் இன்னும் அறையைவிட்டு வெளியே வரவில்லை. மேசையை ஒழுங்குபடுத்தலாம் என்று கோப்பையைத் தூக்கினேன். வட்டமாகக் கறை பிடித்த முதல் தாள். நேரம் இருந்ததால் மீதிப் பாதியைப் படித்தேன். குனிவது, உட்காருவது எல்லாம் முடிந்து கடைசிக்கு முந்திய வரியில் எழுதியிருந்தது: தலைவர் கேட்கும்போது சம்மதம் உள்ள உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும், சம்மதம் இல்லாதவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வெட்கமில்லாமல் உண்மையைச் சொல்கிறேன், அடுப்படிக்குப் போய் அதை எரித்துவிட்டால் என்ன என்றுதான் முதலில் தோன்றியது. அதற்குள் வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். பாசாரில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறதாம். மன்றம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது என்று போட்டு, உறுப்பினர்கள் பெயர் வரிசையாக இருக்கிறதாம். மெம்பர் பெயரும் இருக்கிறதாம். குடியேற்றத்துக்கு உரியவர்கள் இன்றிலிருந்து நகரத்தைவிட்டு வெளியே போகக் கூடாதாம். யாரும் கோபமாகக்கூடப் பேசவில்லை, அதுதான் கொடுமை. நேற்று நீங்களே பார்த்தேன் என்று சொன்னீர்களே தம்பி, இது என்ன என்று என்னைக் கேட்டார்கள். ஜப்பான்காரன் பொய்யாக ஒட்டிவிட்டானா என்று ஒருவர் எனக்கே வழி எடுத்துக் கொடுத்தார்.

தாளை எடுத்துக்கொண்டு மெம்பர் அறைக்குப் போனேன். படித்துக் காட்டினேன். என்மேல் தப்பு, நான் பாதியில் விட்டுவிட்டேன், வெளியே போய் நானே சொல்கிறேன், எல்லாவற்றையும் என் தலையில் போட்டுவிடுங்கள் என்றேன். அழுதுகொண்டே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் தாளை வாங்கிப் பார்க்கவில்லை.

"நீ படிச்சுச் சொல்லலங்கறது நெசந்தான். ஆனா பக்கத்துல நின்ன பெங்ஹுலு என் கையப் புடிச்சாரு பாரு, அப்பச் சொன்னாரு. செத்துஜு, பாங்குன் அப்படின்னாரு. சம்மதம்னா எழுந்திருன்னு அர்த்தம். அவரு சொல்லும்போது நான் இன்னும் உக்காந்துதான் இருந்தேன்."

நான் தாளை மறுபடியும் அவர் பக்கம் நீட்டினேன்.

"அதுக்கப்புறந்தான் எழுந்தேன்" என்றார்.

பிறகு அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளரின் மலாய் பிடிபடாமல், பேசக் கூப்பிடுவார்கள் என்றே உட்கார்ந்திருந்தாராம். எல்லாரும் நிற்க, தான் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருப்பது தெரிந்ததும் அவருக்குக் காதை அடைத்துவிட்டதாம். அதிகாரி நிமிர்ந்து தன்னையே பார்ப்பது தெரிந்ததாம். உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்று நினைத்தாராம். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கால்கள் எழுந்துவிட்டனவாம். மாலையில் வாசலில் உண்மையைச் சொல்லலாம் என்றுதான் வந்தாராம். ஜனங்கள் முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு மாதிரிச் சொல்லிவிட்டதாம்.

வெளியே சத்தம் கூடிக்கொண்டிருந்தது. என் யோசனை இன்னும் உயிரோடுதான் இருந்தது. கறை பிடித்த தாள் கையில் இருக்கிறது. எழுத்தன் ஒழுங்காகப் படித்துச் சொல்லவில்லை, மெம்பர் எதிர்ப்பதாக நினைத்து எழுந்துவிட்டார் என்று சொன்னால் ஊர் நம்பும். பாதி உண்மையும்கூட. அவரும் அதை நினைத்துப் பார்த்தார், எனக்குத் தெரியும். என் கையிலிருந்து தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு அதை மடித்து என் சட்டைப்பையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

அஞ்சலை வந்திருந்தாள். பையன் அவள் தோளில் சாய்ந்திருந்தான், கால்கள் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. மெம்பர் கூட்டத்தைப் பார்த்துப் பேசவில்லை, அவளைப் பார்த்துத்தான் பேசினார்.

"நிக்கறது சம்மதம்னு தெரிஞ்சுதாம்மா எழுந்தேன். பயந்துட்டேன். நேத்துச் சாயங்காலம் ஒங்கிட்ட அதச் சொல்லாம விட்டது அதவிடப் பெரிய தப்பு. சொல்லியிருந்தா வண்டி ஏறியிருப்ப."

மெம்பர் என்ன சொன்னார் என்று வீட்டம்மா என்னிடம் மலாயில் கேட்டார். மலாயில் பெயர்த்துச் சொன்னேன். அவர் தலைமுக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

"உக்காந்திருந்தா ஒங்கள என்ன செஞ்சிருப்பான்?" என்று அஞ்சலை கேட்டாள்.

தெரியாது என்றார் மெம்பர்.

"அந்தக் காட்டுல எங்களுக்கு என்ன ஆகும்?"

அதுவும் தெரியாது என்றார்.

அவள் பையனை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "நீங்க வருவீங்களா?" என்று கேட்டாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஊருக்குப் போகும்போது துணைக்கு யார் வருகிறார்கள் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

சனிக்கிழமை பட்டியல் எழுத வேண்டியிருந்தது. இந்தியக் குடும்பங்களின் பெயரை இந்திய உறுப்பினரே கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. நான் கோடு போட்டு, எண் போட்டு உட்கார்ந்தேன். முதல் எண்ணுக்கு நேராகத் தன் பெயரை எழுதச் சொன்னார். குடியேற்றத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று தாளில் இருக்கிறதே, அது நான்தான் என்றார். மகள் புக்கிட் பாருவிலிருந்து ஓடிவந்து காலைப் பிடித்தாள். நானும் சொல்லிப் பார்த்தேன், உங்கள் வயதுக்குக் காடு ஆகாது என்று. "எழுதுப்பா" என்றார். எழுதினேன். நானும் வருகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அடுத்த வாரம் லோரியில் போனார்கள். ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு திரும்பி வந்தார்கள், போனவர்களில் பாதிப் பேரைவிடக் கொஞ்சம் அதிகம். மெம்பர் வந்தார், மலேரியாவில் உடம்பு கறுத்து, வயிறு வீங்கி, ஆள் அடையாளம் தெரியவில்லை. கொயினா கிடைக்காத இடத்தில் வேப்பிலையையும் வேரையும் காய்ச்சி எல்லார் வாயிலும் ஊற்றியவர் அவர்தான் என்று வந்தவர்கள் சொன்னார்கள். அஞ்சலை பெண் குழந்தையோடு வந்தாள். முருகையா வரவில்லை. அவனுக்குக் குழி வெட்டியதும் மெம்பர்தான். அவள் புருஷனும் சயாமிலிருந்து வரவேயில்லை. மெம்பர் அதன்பிறகு எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை, கோயில் கூட்டத்துக்குக்கூட.

இனி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது. அவருக்குத் தெரிந்துதானே எழுந்தார், அப்படியானால் உங்கள் தப்பு என்ன என்று என் மனைவி கேட்பாள். நானும் பல வருஷம் அப்படியே சொல்லிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். ஆனால் கணக்கு அப்படி வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையிலேயே நான் அந்த வரியைப் படித்துச் சொல்லியிருந்தால், எல்லாரும் நிற்கத் தான் மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவருக்கு அன்றே தெரிந்திருக்கும். பயப்படுவதற்கு அவருக்கு இரண்டு நாள் கிடைத்திருக்கும். பயந்து, பயந்து, பழகி, ஒருவேளை வியாழக்கிழமை உட்கார்ந்தே இருந்திருப்பார். அல்லது, என்னால் முடியாதம்மா, நீ வண்டி ஏறிவிடு என்று புதன்கிழமையே அஞ்சலையிடம் சொல்லியிருப்பார். நான் அவருக்கு மூச்சு விடுகிற நேரம்கூடக் கொடுக்கவில்லை. உறுப்பினருக்குத் தைரியம் கொடுக்க நம்மால் முடியாது. யோசிக்க நேரம் கொடுக்க முடியும். அதுதான் நம் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். அவர் உட்கார்ந்தே இருந்திருந்தால் அன்று மாலை அவரை ஒரு கார் வந்து கூட்டிப் போயிருக்கலாம். பட்டியல் வேறு ஒருவர் கையால் எழுதப்பட்டிருக்கும். காட்டில் வேப்பிலை காய்ச்ச ஆள் இருந்திருக்காது. அப்போது என் தப்பு எத்தனை பேரைக் கொன்றது, எத்தனை பேரைக் காப்பாற்றியது? எழுபது வயது தாண்டிய பிறகும் இந்த இடத்தில் வந்ததும் தலை சுற்றுகிறது. எது எப்படி இருந்தாலும் வியாழக்கிழமை மாலையைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. கெட்ட செய்தியை வண்டி போவதற்கு முன்னால் சொல்லுங்கள். திட்டு வாங்குங்கள். பக்கத்தில் நின்று ஒத்து ஊதாதீர்கள்.

சுதந்திரம் வந்தபின், குடியுரிமைப் பத்திரத்துக்கு அலைந்துகொண்டிருந்த வருஷங்களில், நான் வேறொரு உறுப்பினரின் அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் வரிசையில் அஞ்சலை நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. கூடவே வளர்ந்த பெண், அந்தக் கைக்குழந்தை. என் முறை வந்துவிட்டது, இன்று இவள் எதைக் கேட்டாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அவள் மேசை முன்னால் வந்ததும் என்னையறியாமல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன்.

அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "எழுந்திரிக்காதீங்க தம்பி. உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் விண்ணப்பப் பாரத்தை என் முன்னால் வைத்தாள். ஆறு பக்கம். அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நான் முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து ஒவ்வொரு வரியாக அவளுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. பிள்ளைகளின் பெயர் எழுத வேண்டிய கட்டம் வந்தபோது, இறந்துபோன பிள்ளைகளையும் சேர்த்து என்று பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அதையும் படித்தேன். அவள் சொன்ன பெயரை எழுதிக்கொண்டேன்.